பின்வரிசையில் ஓர் இளைஞர்: எட்வர்ட் கென்னடியின் முதல் நான்கு ஆண்டுகள்

அமெரிக்க அரசியலைப் பற்றித் தமிழில் எழுதப்படுபவை பெரும்பாலும் அதிபர்களைப் பற்றியவை. தேர்தல், பதவியேற்பு, போர், படுகொலை என்று அவற்றில் நாடகத்தன்மைக்குக் குறைவே இருக்காது. சட்டமன்றங்களின் வரலாறு அப்படிப்பட்டதன்று. அது குழு அறைகளிலும், மசோதாக்களின் உட்பிரிவுகளிலும், இரண்டு மூன்று வாக்கு வித்தியாசத்திலும் நிகழ்வது. வாசிக்கச் சற்றுப் பொறுமை வேண்டும். ஆனால் நம் அன்றாட வாழ்வைத் தொடுபவை பல அங்கேதான் முடிவாகின்றன.

எட்வர்ட் கென்னடி 2009 ஆகஸ்டில் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகள், செனட் சபையில் அவர் கழித்த ஏறத்தாழ 47 ஆண்டுகளைச் சில பத்திகளில் சுருக்கிக் கூறின. அண்ணன்மாரின் மரணங்கள், 1969இல் சாப்பாக்விடிக்கில் ஓர் இளம்பெண் உயிரிழந்த கார் விபத்தும் அதில் அவர் நடந்துகொண்ட விதமும், 1980இல் கைகூடாத அதிபர் கனவு ஆகியவை முன்னால் வந்து நின்றன. அவர் சட்டமன்றத் தொழிலைக் கற்றுக்கொண்ட தொடக்க ஆண்டுகளுக்கு அவற்றில் அதிக இடமில்லை. இக்கட்டுரை 1962 நவம்பர் தொடங்கி 1966 இறுதி வரையிலான காலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. வாக்குரிமை, குடியேற்றம், மருத்துவம் என்னும் மூன்று துறைகளில் அவர் அப்போது கைவைத்தார். முதலாவதில் தோற்றார். இரண்டாவதில் வென்றார். மூன்றாவதைப் பலர் கவனிக்கவே இல்லை. அறுபது ஆண்டுகள் கழித்து அவற்றின் கணக்கைப் பார்த்தால், அந்தத் தோல்வியும் வெற்றியும் அன்று தோன்றியபடி இல்லை என்பது புலப்படுகிறது.

பெயரின் சுமை

ஜான் கென்னடி அதிபரானபோது காலியான மாசசூசெட்ஸ் செனட் இடத்தில் குடும்ப நண்பர் ஒருவர் அமர்த்தப்பட்டார். காரணம் எல்லோருக்கும் தெரியும். செனட்டராக முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க அரசியல் சட்டம். கடைசித் தம்பிக்கு 1962 பிப்ரவரியில்தான் அந்த வயது நிறைந்தது. அதுவரை இடம் காக்கப்பட்டது.

அவரிடம் அப்போது சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. ஹார்வர்டில் ஸ்பானிய மொழித் தேர்வைத் தனக்குப் பதிலாக நண்பனை எழுதவைத்து 1951இல் வெளியேற்றப்பட்டவர். ராணுவத்தில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிப் பட்டம் பெற்றவர். சட்டம் படித்து, பாஸ்டனில் உதவி அரசு வழக்கறிஞராகச் சிறிதுகாலம் இருந்தவர். கட்சிக்குள் அவரை எதிர்த்து நின்ற எட்வர்ட் மக்கார்மக் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர். அவரும் ஒரு பெரிய அரசியல் குடும்பத்தவர்தான். தெற்கு பாஸ்டனில் நடந்த விவாத மேடையில், உங்கள் பெயர் எட்வர்ட் மூர் கென்னடி என்றில்லாமல் வெறும் எட்வர்ட் மூர் என்றிருந்தால் உங்கள் வேட்புமனு ஒரு நகைச்சுவையாக இருந்திருக்கும் என்ற பொருளில் அவர் முகத்துக்கு நேரே சொன்னார். அது உண்மைதான். ஆனால் மேடையில் அவ்வளவு கடுமையாகச் சொல்லப்பட்டதாலேயே கேட்டவர்களின் அனுதாபம் இளைஞர் பக்கம் திரும்பியது. 1962 நவம்பர் 6 அன்று அவர் வென்றார்.

வாரிசு அரசியலை நன்கறிந்த நமக்கு இந்தக் கதையில் புதிதாக எதுவும் இல்லை. அடுத்து நடந்ததில்தான் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. அதிபர் ஓர் அண்ணன், நாட்டின் தலைமை வழக்கறிஞர் இன்னோர் அண்ணன் என்ற நிலையிலும், அவர் செனட்டின் கடைசி வரிசையில் அமர்ந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு பெரிய உரை எதையும் ஆற்றாமல் இருந்தார். புதியவர்கள் காதைத் திறந்து வாயை மூடி இருக்கவேண்டும் என்பது அந்தச் சபையின் எழுதப்படாத மரபு.

ஈஸ்ட்லண்டின் அறை

நீதித்துறைக் குழுவின் தலைவராக அன்று இருந்தவர் மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். சன்ஃப்ளவர் மாவட்டத்தில் பெரும் பருத்திப் பண்ணைக்குச் சொந்தக்காரர். கறுப்பின மக்களின் சம உரிமையை வெளிப்படையாக எதிர்த்தவர். குடியுரிமை மசோதாக்கள் அவர் குழுவுக்குள் சென்றால் வெளியே வருவதில்லை என்பது அக்காலத்துப் பேச்சு.

அந்தக் குழுவில் இடம்பெற்ற கென்னடி, துணைக்குழு ஒதுக்கீடு கேட்க ஈஸ்ட்லண்டின் அறைக்குச் சென்ற கதையைப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். காலை நேரம். கிழவர் ஒரு கோப்பையில் மதுவை ஊற்றி நீட்டினார். உங்கள் ஊரில் இத்தாலியர்கள் நிறைய, கென்னடிகளுக்குக் குடியேற்றத்தில் அக்கறை உண்டு, அதைக் குடித்து முடித்தால் குடியேற்றத் துணைக்குழு உமக்கு என்றார். அடுத்த கோப்பைக்கு அடுத்த துணைக்குழு. நண்பகலுக்கு முன்பே தள்ளாட்டத்துடன், ஆனால் வேண்டியவை அனைத்தும் கிடைத்தவராக, இளைஞர் தம் அலுவலகத்துக்குத் திரும்பினார்.

சுவையான கதை. ஆனால் இதன் மறுபக்கத்தையும் நினைத்துப் பார்க்கவேண்டும். அதே சன்ஃப்ளவர் மாவட்டத்தில், 1962 ஆகஸ்ட் 31 அன்று, ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பண்ணைத் தொழிலாளி வாக்காளராகப் பதிந்துகொள்ள மாவட்டத் தலைநகருக்குச் சென்றார். அன்று மாலையே, பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆண்டு தேர்வில் தேறிப் பதிவு பெற்ற பின்பும் அவரால் வாக்களிக்க முடியவில்லை. வாக்குரிமைக்கான தலைவரி செலுத்திய ரசீதுகள் இரண்டு வேண்டும் என்றார்கள். அவரிடம் ரசீது இல்லை. ஈஸ்ட்லண்ட் வாஷிங்டனில் அவ்வளவு அதிகாரத்துடன் அமர்ந்திருந்ததற்கும் ஹேமர் போன்றோர் வாக்களிக்க முடியாமல் போனதற்கும் நேரான தொடர்பு உண்டு. மாவட்டத்தில் பெரும்பான்மையினர் வாக்காளர் பட்டியலில் இல்லாததால் அவரைத் தோற்கடிக்க ஆளில்லை. தோற்காமல் இருந்ததால் பணிமூப்பு சேர்ந்தது. பணிமூப்பால் தலைமைப் பதவி வந்தது. அந்த மனிதரிடம் மதுக் கோப்பையை வாங்கிக் குடித்துத்தான் சட்டமியற்றும் தொழிலைத் தொடங்கவேண்டியிருந்தது.

மருத்துவமனைப் படுக்கை

1963 நவம்பர் 22 பிற்பகலில் செனட்டின் தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்தவர் எட்வர்ட் கென்னடி. இளையவர்களிடம் ஒப்படைக்கப்படும் சலிப்பான பணி அது. நூலகங்களுக்கான நிதி பற்றி யாரோ பேசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் டல்லாஸ் செய்தி அவரிடம் வந்து சேர்ந்தது.

அவருடைய முதல் பெரிய உரை 1964 ஏப்ரல் 9 அன்று, குடியுரிமை மசோதாவை ஆதரித்து நிகழ்ந்தது. ஜூன் 19 அன்று செனட்டில் அம்மசோதா நிறைவேறியது. வாக்களித்துவிட்டு, கட்சி மாநாட்டுக்காக அன்றிரவே சிறு விமானத்தில் மாசசூசெட்ஸ் கிளம்பினார். பனிமூட்டத்தில் விமானம் ஓர் ஆப்பிள் தோட்டத்தில் விழுந்தது. விமானியும் கென்னடியின் உதவியாளரும் உயிரிழந்தனர். உடன்வந்த செனட்டர் பேர்ச் பாய் இவரைச் சிதைவிலிருந்து இழுத்து வெளியே போட்டார். முதுகெலும்பு முறிந்து, நுரையீரல் துளைபட்டு, ஏறத்தாழ ஆறு மாதம் படுக்கை. அசையாமல் கட்டி வைத்து, சில மணிநேரத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் புரட்டிப்போடும் சட்டகம் ஒன்றில் அவர் கிடந்தார். அவ்வாண்டுத் தேர்தல் பிரச்சாரத்தை மனைவி ஜோன் நடத்தினார். படுத்த படுக்கையில் முழு ஆறாண்டுப் பதவிக்காலத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்த மாதங்களில் ஹார்வர்டிலிருந்து பேராசிரியர்கள் வந்து பாடம் நடத்தினார்கள். இந்தியாவில் அமெரிக்கத் தூதராக இருந்து திரும்பியிருந்த பொருளியலாளர் ஜான் கென்னத் கால்ப்ரைத் அவர்களுள் ஒருவர். தேர்வறையிலிருந்து துரத்தப்பட்ட மாணவர், முப்பத்திரண்டு வயதில் முதுகொடிந்து கிடந்து பாடம் கேட்டார். 1964 டிசம்பரில் அவர் எழுந்து நடந்தபோது செய்யவேண்டியவற்றின் பட்டியல் ஒன்று கையில் இருந்தது.

ஒன்றரை டாலர்

பட்டியலில் முதலில் இருந்தது தலைவரி. வாக்களிக்க விரும்புபவர் ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையைக் கட்டவேண்டும் என்பது பழைய தென்மாநிலச் சட்டம். விர்ஜினியாவில் ஒன்றரை டாலர், மிசிசிப்பியில் இரண்டு டாலர். தொகை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் விர்ஜினியாவில் மூன்று ஆண்டுகளுக்கானதைச் சேர்த்து, தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கட்டி முடித்திருக்க வேண்டும். வேட்பாளர் யாரென்றே தெரியாத காலத்தில், கூலிக்காரர் ஒருவர் தம் வருமானத்திலிருந்து எடுத்துவைக்க வேண்டிய பணம் அது. கறுப்பர்களோடு ஏழை வெள்ளையரையும் வாக்குச் சாவடியிலிருந்து தள்ளிவைத்த ஏற்பாடு.

1964 ஜனவரியில் ஏற்பு முடிந்த 24ஆவது அரசியல் சட்டத் திருத்தம், கூட்டாட்சித் தேர்தல்களில் தலைவரியை ஒழித்தது. மாநில, உள்ளாட்சித் தேர்தல்களை அது தொடவில்லை. அலபாமா, மிசிசிப்பி, டெக்சஸ், விர்ஜினியா என்னும் நான்கு மாநிலங்கள் அந்த இடைவெளியைப் பற்றிக்கொண்டன. ஷெரிஃபையும் நீதிபதியையும் ஆளுநரையும் தேர்ந்தெடுப்பது மாநிலத் தேர்தலில்தான். அடிப்பவரும் தீர்ப்பளிப்பவரும் அங்கிருந்தே வருகிறார்கள்.

1965 மார்ச் 7 அன்று செல்மாவில் பாலத்தின் மேல் ஊர்வலத்தினர் தாக்கப்பட்ட பிறகு ஜான்சன் அரசு வாக்குரிமை மசோதாவைக் கொண்டுவந்தது. ஈஸ்ட்லண்டின் குழுவுக்குக் கெடு விதிக்கப்பட்டது. மாநிலத் தேர்தல்களிலும் தலைவரியைத் தடைசெய்யும் திருத்தத்தைக் கென்னடி முன்வைத்தார். விசித்திரம் என்னவென்றால், அதை எதிர்த்து நின்றவர்களில் தென்மாநிலத்தவர் மட்டுமல்லர், அவருடைய சொந்தக் கட்சித் தலைவர் மான்ஸ்ஃபீல்டும் தலைமை வழக்கறிஞர் காட்சன்பாக்கும் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவரிமேல் அன்பில்லை. 1937இல் உச்ச நீதிமன்றம் தலைவரி செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. சாதாரணச் சட்டத்தால் அதை ஒழித்தால், அந்த ஒரு பிரிவைக் காட்டி முழு மசோதாவும் சிக்கலுக்குள்ளாகுமோ என்ற அச்சம் அவர்களுக்கு.

ஒருபுறம் நியாயம், மறுபுறம் நியாயத்துக்கு ஆபத்து வந்துவிடக்கூடாதே என்ற எச்சரிக்கை. சட்டமன்றத்தில் மிகக் கடினமான சண்டை இதுதான். பகைவரோடு வாதிடுவதைவிட நண்பரோடு வாதிடுவது சிரமம். சட்ட அறிஞர்களைக் கலந்து தம்மைத் தயார் செய்துகொண்ட கென்னடி பல நாட்கள் செனட் மேடையில் வாதாடினார். மே 11 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 45, எதிர்ப்பு 49. நான்கு வாக்கில் தோல்வி. தலைவரி வாக்குரிமைக்கு ஊறு செய்கிறது என்று அறிவித்து, அதை எதிர்த்து வழக்குத் தொடுக்குமாறு தலைமை வழக்கறிஞரைப் பணிக்கும் ஒரு பிரிவு மட்டும் சட்டத்தில் நின்றது. ஆகஸ்ட் 6 அன்று ஜான்சன் கையெழுத்திட்டார்.

அந்தப் பிரிவு வீண்போகவில்லை. 1966 தொடக்கத்தில் டெக்சஸ், அலபாமா மாநிலங்களின் தலைவரியைக் கீழ் நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்தன. 1966 மார்ச் 24 அன்று, ஹார்ப்பர் எதிர் விர்ஜினியா தேர்தல் வாரியம் என்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தன் 1937 தீர்ப்பையே மாற்றிக்கொண்டது. ஒருவரின் பணத்துக்கும் அவருடைய வாக்களிக்கும் தகுதிக்கும் தொடர்பில்லை என்றது தீர்ப்பு. செனட்டில் தோற்ற கருத்து பத்து மாதத்தில் நாட்டின் சட்டமாயிற்று. இதில் கென்னடியின் பங்கு இவ்வளவு என்று நிறுத்துச் சொல்ல இயலாது. ஆனால் 45 வாக்குகள் பெற்றுத் தோற்ற திருத்தத்தை, ஒருபோதும் கொண்டுவரப்படாத திருத்தத்தோடு ஒன்றாக வைக்க முடியாது.

வரமாட்டார்கள் என்று சொன்ன வாசல்

இரண்டாவது விஷயம் நம்மில் பலருக்கு நெருக்கமானது. இப்பக்கங்களைக் கடல்கடந்து வாசிக்கும் பலரின் குடும்பக் கதை இங்கிருந்தே தொடங்குகிறது.

1924ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்கக் குடியேற்றத்தைத் தேசவாரியாகப் பங்கிட்டது. ஏற்கெனவே யார் அதிகம் இருக்கிறார்களோ அவர்களுக்கே அதிக இடம் என்பது அதன் ஏற்பாடு. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் இடங்களில் 65,000க்கும் மேல் பிரிட்டனுக்கே உரியவை. அவற்றில் பெரும்பகுதியை யாரும் பயன்படுத்தவும் இல்லை. இத்தாலிக்கு 6,000க்கும் குறைவு. ஆசியர்களுக்கு வாசலே இல்லை. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் குடியுரிமைக்குரிய வெள்ளையர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1946இல் வந்த சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமைத் தகுதியையும், ஆண்டுக்கு 100 இடங்களையும் தந்தது. முழு இந்தியாவுக்கும் நூறு பேர்! 1952ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு வினோதத்தைச் சேர்த்தது. பெற்றோரில் ஒருவர் ஆசியராக இருந்தால், அவர் லண்டனிலேயே பிறந்திருந்தாலும் ஆசியக் கணக்கில்தான் எண்ணப்படுவார்.

இதை மாற்றவேண்டும் என்று ஜான் கென்னடி 1963 ஜூலையில் காங்கிரசுக்குச் செய்தி அனுப்பியிருந்தார். 1965இல் ஃபிலிப் ஹார்ட், இமானுவல் செல்லர் ஆகியோரின் பெயரில் மசோதா வந்தது. செனட்டில் அது ஈஸ்ட்லண்டின் துணைக்குழுவைக் கடந்தாகவேண்டும். அவர் மசோதாவை ஆதரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. விசாரணைகளை நடத்தும் பொறுப்பை இளைய கென்னடியிடம் விட்டுக்கொடுத்தார். அந்தக் காலை நேரத்துக் கோப்பைகள் நினைவுக்கு வராமல் போகா.

பிப்ரவரியில் விசாரணை தொடங்கியபோது கென்னடி சில உறுதிமொழிகளை அளித்தார். நம் நகரங்களில் ஆண்டுதோறும் பத்து லட்சம் பேர் வந்து குவியப்போவதில்லை. நாட்டின் இனக் கலவை குலையாது என்றார். அவருடைய அண்ணன் ராபர்ட் இதற்கு முந்தைய ஆண்டே, ஆசிய பசிபிக் பகுதியிலிருந்து முதல் ஆண்டில் ஏறத்தாழ 5,000 பேர் வருவார்கள், பிறகு அந்த வரத்து ஏறக்குறைய நின்றுவிடும் என்று சொல்லியிருந்தார். மசோதாவின் மீது ஐயம் கொண்டவர்களும் தங்கள் பங்குக்கு மாற்றங்கள் செய்தார்கள். திறமைக்கு முதலிடம் தரவிருந்த வரிசையை மாற்றி, ஏற்கெனவே இருப்பவர்களின் உறவினருக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். இருப்பவர்கள் ஐரோப்பியர், ஆகவே வரப்போகும் உறவினரும் ஐரோப்பியராக இருப்பார்கள் என்பது அவர்கள் கணக்கு.

செப்டம்பர் 22 அன்று 76க்கு 18 என்ற வாக்கில் செனட்டில் மசோதா நிறைவேறியது. அதை மேடையில் வழிநடத்தியவர் முப்பத்து மூன்று வயதுக் கென்னடி. அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் ஜான்சன் கையெழுத்திட்டார். இது புரட்சிகரமான சட்டம் அன்று, லட்சக்கணக்கானவரின் வாழ்வை இது தொடாது என்ற பொருளில் அவரும் பேசினார்.

எல்லாக் கணக்கும் தவறாயிற்று. ஐரோப்பாவில் அப்போது வேலை இருந்தது, வளம் இருந்தது, கிளம்பிவர அவசியமில்லை. ஆசியாவிலோ, படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த ஒரு தலைமுறை இருந்தது. மருத்துவரும் பொறியாளரும் தொழில் தகுதியின்பேரில் முதலில் வந்தார்கள். பின், ஐரோப்பியருக்கென்று அகலமாக்கப்பட்ட உறவினர் வழியாக, தம் மனைவியரையும் உடன்பிறந்தாரையும் அழைத்துக்கொண்டார்கள். 1965இல் இந்தியாவிலிருந்து குடியேறியவர் ஏறத்தாழ 600 பேர். 1970இல் அந்த எண் 10,000ஐத் தாண்டியது. இன்று அமெரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளியினர் 40 லட்சத்துக்கும் அதிகம். சென்னையிலும் மதுரையிலும் படித்து முடித்து எழுபதுகளில் நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இறங்கிய மருத்துவர், வரமாட்டார் என்று உறுதி கூறப்பட்ட வாசல் வழியாகவே உள்ளே நுழைந்தார்.

கென்னடி பொய் சொன்னாரா? எதிரிகள் அப்படித்தான் இன்றுவரை சொல்கிறார்கள். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இனம் பார்த்து ஆள் எடுக்கும் முறை இழிவானது என்பதில் அவருக்கு ஐயமில்லை. அதை நீக்கினால் என்ன விளையும் என்பதில் அவருக்குத் தெளிவும் இல்லை. முதலாவது கொள்கை, இரண்டாவது வெறும் ஊகம். வாக்குச் சேகரிக்கும் அவசரத்தில் ஊகத்தை உறுதிமொழியாகச் சொன்னார். கொள்கை நின்றது. உறுதிமொழிக்கான விலையைப் பிறகு வந்தவர்கள், குடியேறிகளை வெறுப்போரின் வாயிலிருந்து, கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இச்சட்டம் திறந்த கதவைப் பேசும்போது அது மூடிய கதவையும் சொல்லவேண்டும். அதுவரை எண்ணிக்கை வரம்பில்லாமல் இருந்த மேற்கு அரைக்கோளத்துக்கு, எதிர்ப்பாளர்களைச் சமாதானப்படுத்த, ஆண்டுக்கு 1,20,000 என்று உச்சவரம்பு விதிக்கப்பட்டது. மெக்சிகோவிலிருந்து பண்ணை வேலைக்கு ஆள் எடுக்கும் பிராசெரோ திட்டமும் 1964 இறுதியில் முடிந்துபோயிருந்தது. பண்ணைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சட்டம் மாறியதால் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் ஆனார்கள். அதேபோல், எல்லா நாட்டுக்கும் சமமான உச்சவரம்பு என்ற சமத்துவ விதி, சிறு நாட்டையும் பெரு நாட்டையும் ஒரே படியால் அளக்கிறது. அதன் இன்றைய வடிவமான ஏழு சதவீத வரம்பால், நிரந்தர வசிப்புரிமைக்கு ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கும் தமிழ்ப் பொறியாளர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

அதே 1965 அக்டோபரில் நடந்த இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. தந்தையின் விசுவாசியான ஃபிரான்சிஸ் மாரிசியைக் கூட்டாட்சி நீதிபதியாக்கக் கென்னடி பாடுபட்டார். அவருடைய சட்டப் படிப்பே கேள்விக்குரியது என்று வழக்கறிஞர் சங்கம் எதிர்த்தது. கடைசியில் கென்னடியே எழுந்து அந்த நியமனத்தைக் குழுவுக்குத் திருப்பியனுப்பும்படி கேட்டுக்கொண்டார். பிறப்பால் வரும் சலுகைக்கு எதிராகக் குடியேற்றச் சட்டத்தில் வாதாடியவர், அதே மாதத்தில் குடும்ப விசுவாசத்துக்குப் பதவி கேட்டார். மனிதர்கள் இப்படித்தான் இருக்கிறார்கள்.

குப்பைமேட்டின் அருகே

மூன்றாவது, அளவில் மிகச் சிறியது. பாஸ்டன் துறைமுகத்தை ஒட்டி, பழைய குப்பைமேட்டின் அருகே, 1954இல் கட்டப்பட்ட கொலம்பியா பாயிண்ட் என்னும் ஏழைகளின் குடியிருப்பு இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த அவ்விடத்தில் மருத்துவ வசதி கிடையாது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, பேருந்து மாறி மாறி நகர மருத்துவமனைக்குப் போய், மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாக் கைகர், கவுன்ட் கிப்சன் என்ற இரு மருத்துவர்கள் 1965 டிசம்பரில் அங்கே, குடியிருப்புக்குள்ளேயே ஒரு நலவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார்கள். கைகர் மாணவராக இருந்தபோது தென்னாப்பிரிக்காவின் நடால் பகுதியில், போலேலா என்ற ஊரில், சிட்னி கார்க், எமிலி கார்க் தம்பதியர் நடத்திய சமூக மருத்துவ நிலையத்தில் பயின்றவர். நோயாளியைத் தனியாகப் பார்க்காமல், அவர் குடிக்கும் நீர், உண்ணும் உணவு, வாழும் வீடு ஆகியவற்றோடு சேர்த்துப் பார்ப்பது அங்கே அவர் கற்ற பாடம். நிலையத்தை நடத்துவதில் குடியிருப்பு மக்களுக்கும் பங்கிருந்தது.

1966இல் கென்னடி அதைப் பார்க்கப்போனார். ஓர் ஊரில் இது இயலுமானால் மற்ற ஊர்களில் ஏன் இயலாது என்ற கேள்வியோடு திரும்பினார். வறுமை ஒழிப்புச் சட்டத்துக்கு அவ்வாண்டு வந்த திருத்தத்தில், இத்தகைய நிலையங்களுக்கென்று 5.1 கோடி டாலர் ஒதுக்கச் செய்தார். முப்பது நிலையங்களுக்குப் போதுமான தொகை. பெரிய உரைகள் இல்லை. நான்கு வாக்கு வித்தியாசப் பரபரப்பும் இல்லை. ஆறு மாதம் அசையாமல் கிடந்தவர், தமக்குக் கிடைத்த மருத்துவம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பதைத் தம் பிற்காலப் பேச்சுகளில் திரும்பத் திரும்பக் கேட்டார்.

இதே கைகர் இரண்டாவது நிலையத்தை மிசிசிப்பியின் மவுண்ட் பையூ ஊரில், ஈஸ்ட்லண்டின் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டத்தில், 1967இல் தொடங்கினார். வறுமை ஒழிப்பு நிதியை மாநில ஆளுநர் தடுக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் போகும் நிதியைத் தடுக்க அவருக்கு அதிகாரமில்லை. அந்தச் சட்ட நுணுக்கத்தால்தான் பாஸ்டனிலுள்ள பல்கலைக்கழகம் மிசிசிப்பிப் பருத்திக்காட்டில் மருத்துவம் பார்க்க முடிந்தது. பசியால் வாடிய குழந்தைகளுக்கு அங்கே மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் உணவை எழுதிக்கொடுத்தார்கள். கடைக்காரர் உணவைக் கொடுத்துவிட்டு மருந்துக் கணக்கில் பணம் பெற்றார். அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, ஊட்டமின்மைக்கு உணவுதானே மருந்து என்று கைகர் திருப்பிக் கேட்டார்.

இன்று அமெரிக்காவில் இத்தகைய சமூக நலவாழ்வு நிலையங்கள் ஏறத்தாழ 1,400 அமைப்புகளாக இயங்குகின்றன. ஆண்டுக்கு மூன்று கோடிப் பேருக்கு மேல் அவற்றில் சிகிச்சை பெறுகிறார்கள். காப்பீடு இல்லாதவரும் ஆவணமில்லாதவரும் தயக்கமின்றிச் செல்லக்கூடிய கதவுகளில் அது ஒன்று.

கணக்கு

கென்னடியின் பிற்கால வெற்றிகள் பலவும் இந்த நான்கு ஆண்டுகளின் நீட்சியே. 1965இல் அகதிகள் துணைக்குழுவை ஏற்றவர், 1971 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் சேற்று முகாம்களில் கிழக்கு பாகிஸ்தான் அகதிகளைச் சந்தித்து, தம் சொந்த அரசின் கொள்கைக்கு எதிராகப் பேசினார். 1980ஆம் ஆண்டு அகதிகள் சட்டம் அதன் தொடர்ச்சி. அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு என்ற கோரிக்கையோடு நாற்பதாண்டு போராடினார். அதை நோக்கிய பெரிய சட்டம் 2010 மார்ச்சில் கையெழுத்தானபோது அவர் இல்லை.

ஆனால் எதுவும் முடிந்துபோன கதையாக இல்லை. 2013 ஜூனில், ஷெல்பி மாவட்ட வழக்கில், 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான கண்காணிப்பு ஏற்பாட்டை உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. தண்டனை முடித்து வெளியே வந்தவர்களுக்கு வாக்குரிமை தரவேண்டும் என்று ஃபுளோரிடா மக்கள் 2018இல் வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டே, நீதிமன்றக் கட்டண பாக்கி அனைத்தையும் செலுத்தியிருந்தால்தான் அந்த உரிமை என்று மாநிலச் சட்டமன்றம் விதித்தது. 2020 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ரசீது கேட்கும் வழக்கம் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. ஃபேனி லூ ஹேமர் இருந்திருந்தால் அடையாளம் கண்டுகொண்டிருப்பார்.

ஒரு சட்டத்தின் விளைவு அதை எழுதியவரின் கையில் முழுமையாக இருப்பதில்லை. தோற்ற திருத்தம் தீர்ப்பாக வந்தது. யாரையும் அழைக்காது என்ற சட்டம் கண்டத்தையே அழைத்தது. அடிக்குறிப்புபோல நுழைந்த நிதி ஒதுக்கீடு மூன்று கோடிப் பேருக்கு மருத்துவமானது. இவற்றையெல்லாம் முன்கூட்டியே அறிந்தவராக எட்வர்ட் கென்னடியைக் காட்டுவது மிகை. பெயரால் கிடைத்த நாற்காலியில் அமர்ந்தவர், அந்த நாற்காலிக்குரிய வேலையைக் கற்றுக்கொள்ளச் சம்மதித்தார். வெறுக்கத்தக்க கொள்கை உடையவரின் அறைக்கும் போனார். சொந்தக் கட்சியினரோடு மோதித் தோற்றார். குப்பைமேட்டின் அருகிலிருந்த ஒரு கட்டடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அந்தக் குப்பைமேட்டுத் தீபகற்பத்தில்தான் 1979இல் ஜான் கென்னடி நினைவு நூலகம் எழுந்தது. எட்வர்ட் கென்னடியின் பெயரில் செனட் சபை பற்றிய பயிலகம் ஒன்றும் 2015இல் அதன் அருகே திறக்கப்பட்டது. பயணிகள் இவ்விரண்டையும் பார்க்க வருகிறார்கள். கைகர், கிப்சன் பெயரைத் தாங்கிய நலவாழ்வு நிலையமும் அதே தீபகற்பத்தில் இருக்கிறது. அங்கே நோயாளிகள் வருகிறார்கள்.